துவைக்காத சேலை

எங்கள் மாமாவுக்கு இரண்டாந்தாரமாகப் பாலவனத்தத்திலிருந்து புது அத்தை வந்தபோது ஊரே அவளை மெச்சியது. அடேயப்பா, எத்தனை வாசனை! குளிக்க வாசனை சோப்பு, முகத்துக்குப் பவுடர், தலை நிறைய மல்லிகைப்பூ. திருச்சுழிப் பக்கம் குடிதண்ணீருக்கே அல்லாடிய அறுபதுகளில் இப்படியும் ஒருத்தியா என்று என் அம்மாவே வாயைப் பிளந்தாள். அடுத்த வீடு என்பதால் நான் முக்கால்வாசி நேரம் அங்கேதான் கிடந்தேன்.

மெச்சாத ஒரே ஆள் மாமாவின் மகள். ஒன்றரை வயதுக் குழந்தை. அதைப் பெற்ற அத்தை தை மாதக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். புது அத்தை தூக்கினால் போதும், தோளில் முகத்தை ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டு வீலென்று அலறும். விளக்கை அணைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். இருட்டிலும் கண்டுபிடித்துவிட்டது.

இறந்துபோன அத்தையின் அண்ணன் வீரசோழன் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஆடி கழியட்டும் மாப்ள. அதுக்குள்ள இவகிட்டச் சேரலைன்னா புள்ளைய நாங்க தூக்கிட்டுப் போறோம்," என்றார். எனக்குப் பகீரென்றது. அது என் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை.

அம்மாதான் ஒரு வழி சொன்னாள். எங்கள் பக்கம் ஆடு வளர்க்கிறவர்கள் செய்வதுதான். குட்டி செத்த ஆடு, தாயில்லாத வேறு குட்டியைக் கிட்டவே அண்டவிடாது. செத்த குட்டியின் தோலை அந்தத் தாயில்லாக் குட்டிமேல் போர்த்திவிட்டால் மோந்து பார்த்துவிட்டுப் பால் கொடுக்கும். "அவ கடைசியா உடுத்துன சேலை பெட்டிக்குள்ள துவைக்காமத்தான கெடக்கு? இவ அதை உடுத்தட்டும்," என்றாள்.

"அதைத் தொடாதீக அக்கா!" என்று மாமா கத்தினார். அம்மாவிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. புதுப்பெண்டாட்டியைச் செத்தவள் சேலையைக் கட்டச் சொன்னால் கோபம் வராதா, அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

புது அத்தையே முன்னால் வந்தாள். "குடுங்க மதினி, உடுத்திக்கிறேன். புள்ள எங்கிட்ட வந்தாப் போதும்." மாமா பெட்டிச் சாவியை விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

சோப்பு, பவுடர், பூ எல்லாம் நின்றன. மிளகாய் வத்தல் நெடியும் விளக்கெண்ணெயும் பழைய வியர்வையும் ஏறிய அந்தச் சேலையோடு அத்தை பிள்ளையைத் தூக்கினாள். அது தோளில் மூக்கை வைத்தது. அழவில்லை. கொஞ்ச நேரத்தில் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு தூங்கியே போனது. அத்தைதான் சத்தம் வராமல் அழுதாள்.

அதன்பிறகு பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சேலைதான். "என்ன அத்தை, நாத்தம் குடலைப் புடுங்குது," என்று கேலி செய்வேன்.

"ஒனக்கு நாத்தம். அதுக்கு ஆத்தா வாசம்டி," என்பாள்.

மூக்கு வெறும் வாசல்தான், வந்திருப்பது யாரென்று முடிவுகட்டுவது மூளை என்று பிற்பாடு ஒரு டாக்டரம்மா சொல்லக் கேட்டேன். தெரிந்த வாசனையோடு ஒட்டிக்கொண்டு வருகிற புதியதையும் அது பழகப் பழகப் படித்துக்கொள்ளுமாம். அந்தச் சேலையில் புது அத்தையின் வியர்வையும் அடுப்புப் புகையும் கொஞ்சங்கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தன. ஆடிக் கடைசியில் வீரசோழன்காரர் வந்து நின்றபோது, அத்தை தன் சொந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாள். குழந்தை தாவியது. அவர் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை, தெருவெல்லாம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மறுநாள் அத்தை பழைய சேலையைத் துவைக்க எடுத்தாள். மாமா அதை வாங்கி முகத்தில் வைத்து முகர்ந்தார். முந்தானையை விரித்து முகர்ந்தார். மடித்து, மறுபடியும் முகர்ந்தார்.

"இதுல இப்ப ஒன் வாசம்தான் இருக்கு," என்றார்.

நான் கைகொட்டிச் சிரித்தேன். மாமா அத்தையைக் கொஞ்சுகிறார் என்றுதான் நினைத்தேன். அத்தை எதற்காக அவர் காலடியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிருங்க," என்று சொன்னாள் என்பது எனக்கு விளங்கவில்லை.