வலப்பக்கம் ஏறிய வேன்

கட்டாரில் டிரைவர் வேலைக்குப் போவது உறுதியானதிலிருந்து, அங்கே வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாகப் போவதைத் தினமும் போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். பகலெல்லாம் வேனில் வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடிக் களைத்த கண்ணோடுதான் பார்ப்பேன்.

அன்று தம்புள்ளைக்கு ஹயர் போய்விட்டு, அங்கே தங்கை வீட்டிலிருந்த மனைவியையும் ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குத் திரும்பினேன். பலாபத்வலயில், வீதியின் எதிர்ப்புறம் இருந்த ஷெட்டில் டீசல் அடித்துவிட்டு வெளியே வந்தவன், யோசிக்காமலே வலப்பக்கத்தில் ஏறிவிட்டேன். எதிரே வந்த பஸ் ஹோர்ன் அடித்தபோதுகூட, அவன்தான் பிழையான பக்கம் வருகிறான் என்று நினைத்தேன்.

“என்னங்க, இது நம்ம நாடுங்க” என்று மனைவி கத்தினாள்.

ஸ்டியரிங்கை ஒடித்தேன். பஸ் எங்கள் வேனின் பக்கக் கண்ணாடியை மட்டும் உடைத்துக்கொண்டு போனது.

வேனை ஓரமாக நிறுத்தினேன்.

“இங்க சொல்றதுக்கு நான் இருந்தேன். அங்க யாருங்க சொல்லுவாங்க?” என்றாள்.

இப்போது களைப்போடு வீடியோ பார்ப்பதில்லை. எந்த நாடு, எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன். பக்கத்தில் இருந்தாலும் மனைவி வாய் திறப்பதில்லை. நானே சொல்லிப் பழக வேண்டுமாம்.

— ஒரு வாசகர், மாத்தளை