மாங்காட்டு மேடையில் ஒரு எக்கோ மெஷின்

பக்கத்து ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ஐ.டி. இளைஞர், தான் மெட்டுப் போட்ட பாட்டைக் கேட்கச் சொன்னார். கிணற்றுக்குள் கத்தியதுபோல் குரல் திரும்பத் திரும்ப எழும்பி வந்தது.

"தமிழ்ல இதுவரைக்கும் யாருமே இப்படிப் பண்ணதில்ல சார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருமே பண்ணவில்லையா? என் அப்பா பண்ணினார்!

அவரும் மூன்று நண்பர்களும் பாடிய மெல்லிசைக் குழுவுக்கு ஆடி மாதம் பூந்தமல்லிப் பக்கம் ஓய்வே இருக்காது. எல்லாம் சினிமாப் பாட்டுதான். ஒரே ஒரு வருஷம், மாங்காட்டில், வழக்கம்போல் தொண்டைக்குச் சித்தரத்தையை மென்றபடி மேடையேறிய அப்பா எக்கோ மெஷினை முழுக்கத் திருகிவிட்டார். வார்த்தையே இல்லாத சொந்தப் பாட்டொன்றை நால்வரும் பாடினார்கள். குரல்மேல் குரல் ஏறி, சீரியல் பல்புகள் மிதப்பதுபோல் இருந்தது.

"இன்னா நைனா, பேய் ஓட்டிகினு கீறியா? சினிமா பாட்டு பாடு!" என்று ஒருவர் கத்தினார். விருப்பப் பாட்டு கேட்கும் துண்டுச் சீட்டுகள் மேடையில் குவிந்தன. அப்பா பிரித்துப் படித்தார். 'நிறுத்து', 'நிறுத்து'. பாதியிலேயே நிறுத்தினார். அந்த மெஷினை அப்புறம் அவர் தொடவே இல்லை.

"ரசனை கெட்ட ஜனம்!" என்று அந்த இளைஞரிடம் பொரிந்து தள்ளினேன்.

"நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்களா சார்?"

இருந்தேன். வகுப்புத் தோழர்கள் சிரித்த வெட்கத்தில் ஒரு சீட்டை நானும் எழுதி அனுப்பினேன். அப்பாவுக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும்.