நாலு விரல் துணி

தாம்பரம் சானடோரியத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி வெட்டுகிறேன். சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றின் அளவையும் துணிமேல் நெருக்கிப் போட்டு, இடுக்குகளில் சின்னத் துண்டுகளைச் செருகி, குப்பைக்குப் போவதைக் குறைக்க வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. நோன்புக்குச் சமோசா செய்தால்கூட மாவில் ஓரம் மிஞ்ச விடமாட்டேன்.

பம்மலில் நானும் அக்காவும் அடுத்தடுத்த வீடு. அக்கா நல்ல உயரம். அவளுக்குச் சுடிதார் தைப்பது நான்தான். கடைக்காரர் சொல்வதைவிடக் குறைவாகவே துணி வாங்கி முடித்துவிடுவேன். பேண்ட் எப்போதும் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும்.

“ஏன்டீ, மழைத்தண்ணியில நடக்கிறதுக்குன்னே தைக்கிறியா? இன்னும் நாலு விரல் வுட்டா உன் சொத்தா அழிஞ்சிடும்?” என்பாள். அதையேதான் போட்டுக்கொண்டும் போவாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அக்காவின் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த வயதான அம்மா, உடலைச் சுற்றும் கஃபன் துணியையும் கத்தரிக்கோலையும் என்னிடம் கொடுத்தார். “நீ கட்டிங் வேலைதானே பாக்குற? பொம்பளைங்களுக்குள்ள அஞ்சு துண்டையும் நீயே வெட்டிடும்மா.” அதற்குமேல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

உச்சந்தலையிலிருந்து பாதம்வரை அளந்தேன். கண்ணீர் துணியில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை அதன் வழக்கப்படி நெருக்கி நெருக்கி வெட்டியது. கூடுதலாக வாங்கி வந்திருந்த துணியில் பெரிய துண்டு அப்படியே மிஞ்சியது. அந்த வேளையிலும் ஒரு நொடி, நன்றாக வெட்டியிருக்கிறோம் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

குளிப்பாட்டி முடித்துச் சுற்றும்போது வெளித்துணி போதவில்லை. தலையை மூடினால் கால் தெரிந்தது.

“இன்னாம்மா இது? தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் முடிச்சுப் போடத் துணி எங்க கீது?”

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அக்காவின் கணுக்கால் வெளியே தெரிந்தபடி இருந்தது. மிஞ்சிய துணியை இழுத்து விரித்து, எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டேன்.

“தாராளமா வுட்டு வெட்டும்மா.”

இந்த முறை நான் அளக்கவே இல்லை. துணியில் நன்றாகத் தள்ளி வெட்டினேன். முடிச்சுப் போட்ட பிறகும் இரண்டு பக்கமும் துணி நீண்டு கிடந்தது.

நான் வெட்டிய துணி அக்காவின் காலைத் தாண்டியது அன்றைக்குத்தான்.