கராஜ் கூரையில் பதினொரு தகரங்கள்

என் கணவர் இருபது வருடங்கள் மற்றவர்களின் வீடுகளுக்குக் கூரை போட்டவர். போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பிவிட்டார், வலது கை மட்டும் சரியாக இயங்கவில்லை. வேலைக்குப் போக முடியாமல், ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

கோடை முடிகிற நேரம் சாப்பாட்டறைச் சுவரில் ஈரம் ஊறியது. கராஜின் சரிந்த கூரை மேல்மாடிச் சுவரோடு முட்டுகிற இடத்தால் தண்ணீர் இறங்கியிருந்தது. வந்து பார்த்த ஒருவர் இடுக்கில் பசை பூசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கே மறுபடியும் ஈரம்.

"உது பசையால நிக்காது. உள்ளுக்க மூலையில மடிச்சு வைச்ச தகரம் எல்லாம் கறள் பிடிச்சிருக்கும். கழட்டிப்போட்டுப் புதுசு வைக்க வேணும்," என்றார் கணவர். பல நாட்களுக்குப் பிறகு அவர் தானாகப் பேசிய பேச்சு அது.

"நான் ஏறுறன். நீங்கள் கீழ நிண்டு சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரே?"

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். பல்பு மாற்றக்கூட ஆள் தேடுவேன். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலை ஏறினேன். தன்னுடைய பழைய பாதுகாப்புப் பட்டியை எனக்கு மாட்டி, கொழுக்கிகளை மூன்று தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் விட்டார்.

சுவரை மூடியிருந்த சைடிங்கின் கீழ் வரிசைகளைக் கழற்றினேன். அவர் சொன்னது சரி. உள்ளே இருந்த தகரம் துருவேறி, கை பட்டதும் பொடிந்தது. புதிய தகரங்களை ஒவ்வொரு கூரை ஓட்டு வரிசைக்கும் ஒன்றாகப் படிப்படியாக வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே வருவது, தண்ணீரைக் கூரை விளிம்பில் ஓடும் பீலிக்குத் திருப்பிவிடும் தகரம். அதை அவரே வளைத்தார். முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடக்கையால், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

"வடிவில்லை. ஆனா தண்ணி சொன்ன பக்கம் போகும்," என்று நீட்டினார்.

நான் ஐந்து தகரங்கள் வைத்து முடித்தபோது கீழிருந்து கேட்டார். "மேல் தகரம் கீழ்த் தகரத்துக்கு மேலதானே கிடக்குது?"

பார்த்தேன். மறுவளமாக, மேலதைக் கீழதுக்கு அடியில் செருகியிருந்தேன். மழை நேரே உள்ளே போயிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு ஏலாதப்பா. இறங்குறன்."

"வேலைக்குப் போன முதல் நாள் நானும் உப்பிடித்தான் வைச்சனான். முழுக்கக் கழட்ட வைச்சவங்கள். கழட்டும்!" அவர் சிரித்தார். எத்தனை மாதங்களாகக் கேட்காத சிரிப்பு! நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணிகளைப் பிடுங்கினேன்.

பின்னேரம் பதினொன்றும் ஏறி, சைடிங்கும் மறுபடி பொருத்தியாயிற்று. அவர் உள்ளே நின்று சுவரில் கையை வைத்துப் பார்க்க, நான் குழாயால் கூரை முழுக்கத் தண்ணீர் அடித்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"காய்ஞ்சு கிடக்குது!"

திங்கட்கிழமை அவர் தன் பழைய முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தார். "ஏற ஏலாது அண்ணை. ஆனா எங்க ஒழுகுது எண்டு பாத்துச் சொல்லுவன்."

இப்போது வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறார். வீட்டுக்கு வந்ததும் அன்று பார்த்த கூரைகளைப் பற்றியே கதை. நான் தேத்தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் பொறுமையில்லை அவருக்கு.