முகத்துக்கு நேரே படித்த மெமோ

டைப் அடித்த தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எங்கள் மேனேஜர் ஷெட்டுக்குள் நடந்து வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அது 1991. மறைமலை நகரில் வண்டிகளுக்குத் தகட்டு உதிரிபாகங்கள் அடித்துக் கொடுக்கும் சிறிய கம்பெனி. அதில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. அதை நம்பித்தான் சேரப்பணஞ்சேரியில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

அன்று காலை, தகடு அடிக்கும் பெரிய பிரஸ் மெஷின் பேரிங் உடைந்து நின்றுபோனது. மேனேஜருக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, டைப்ரைட்டர்தான் பேசும். அவர் அறையில் தடதடவென்று சத்தம் கேட்டதுமே அது என்னைப் பற்றித்தான் என்று தெரிந்துவிட்டது. என்னைப் பற்றி சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெமோ போனால் வேலை போய்விடும், கல்யாணமும் நின்றுவிடும். ஆனால் அவருக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. யார்மீது புகார் எழுதினாலும், அந்த ஆளை எதிரே நிற்கவைத்து முழுவதையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் உறையில் போடுவார். ஆபீஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேட்டுக்கோப்பா, உன்னப் பத்திதான்" என்று ஆரம்பித்தார். பிரஸ் ஓடாததால் ஒவ்வொரு வார்த்தையும் ஷெட் முழுக்கக் கேட்டது. கவனக்குறைவு, பொறுப்பின்மை என்று வரிசையாக வந்தது. "இவர் இந்த வேலைக்கு" என்றவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அதே வரியை ஆரம்பித்தார், மறுபடியும் அங்கேயே நின்றார். அறைக்குள் உட்கார்ந்து தட்டிய வார்த்தை என் எதிரே வாயில் வரவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"இன்னா ஆச்சு, நீயே சொல்லு."

"போன மாசமே பேரிங் கேட்டேன் சார். ஹெட் ஆபீஸ்ல கையெழுத்து ஆவலன்னு ஸ்டோர்ஸ்ல சொல்லிக்கினே கீறாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஸ்டோர்ஸ்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் சார்."

"அவன் நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சிக்கினு இருப்பான்" என்று அலுத்துக்கொண்டே மிச்ச வரிகளையும் அடித்தார். மாலையில் சென்னைக்குப் போனது இவ்வளவுதான்: பிரஸ் நின்றுவிட்டது, போன மாதம் கேட்ட பேரிங்கை உடனே அனுப்பவும். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

இப்போது ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் நானே மேனேஜர். எனக்கும் கோபம் வந்தால் கீபோர்டில் கைதான் ஓடுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் சத்தம் போடுவதில்லை, யாருக்கும் முன்கூட்டியே தெரிய வழியில்லை. இன்று காலை, குவாலிட்டி பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றி ஒரு புகார் மெயில் எழுதினேன். மேலதிகாரிகள் எல்லோருக்கும் நகல். அவள் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. அனுப்பப் போனவன், என்னவோ தோன்றி அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"உக்காரும்மா. உன்னப் பத்தி எழுதிக்கீறேன், படிக்கிறேன் கேளு."

அவள் உட்காரவில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் படிக்காமல் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

"இன்னா ஆச்சும்மா, நீயே சொல்லு" என்றேன்.