வைனோ ஹெய்க்கலா துப்பாக்கிக்குத் தாள் ஒட்டிய கதை

வைனோ ஹெய்க்கலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, பனி கொட்டு கொட்டென்று கொட்டுகிற மாவட்டத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். லாரிக்குள் தனியாக உட்கார்ந்து அடக்கி வைத்த பேச்சையெல்லாம் நவம்பர் மாதம் மான் வேட்டைக் கேம்ப்பில் கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பாள் அவர் மனைவி ஈடித். வீட்டிலும் ஒன்றும் குறைச்சலில்லை என்று அவளே சேர்த்தும் சொல்வாள்.

அந்த வாயில் ஆறு வருஷமாக அரைபட்டவன் ஈடித்தின் தம்பி வில்ஃபிரட் டிரெவாரோ. அவன் செய்த குற்றம் இவ்வளவுதான்: துப்பாக்கியின் அழகான மரக்கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழலையும் விசையையும் ஓர் அலுமினியச் சட்டத்தில் பொருத்திக்கொண்டு கேம்ப்புக்கு வந்தான். அதற்குச் சேஸிஸ் என்று பேர்.

"சேஸிஸா? அது லாரிக்குல்லடா இருக்கும்! டயர் எங்க, நம்பர் பிளேட் எங்க?" என்றார் வைனோ. கேம்ப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு கிடைத்ததுதான் வினை. அடுத்த வருஷம் அது ஏணியானது. அதற்கடுத்த வருஷம், "ஈடித் கார்ப்பெட்ல தூசி உறிஞ்சுறதுக்கு ஒண்ணு வச்சிருக்கா, அதைத் தூக்கிட்டு வந்துட்டியா மச்சான்?" பிறகு ஒரு வருஷம், "எங்க பெரியப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப இதையேதான் பிடிச்சுக்கிட்டு நடந்தாரு." வில்ஃபிரட் கோபித்துக்கொள்ள மாட்டான். "சொல்லுங்க மாமா, நல்லா சொல்லுங்க" என்பான். மறுநாள் போய் ஒரு மானை அடித்துக்கொண்டு வருவான்.

வைனோவின் துப்பாக்கிக்கோ வால்நட் மரக் கட்டை. வாங்கிய பலகையை அவரே செதுக்கி, அவரே தேய்த்து வழவழப்பாக்கியது. கோடை வந்தால் அதற்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிடுவார். "என் முதுகுக்கு ஒரு நாளாவது இப்படித் தைலம் தேச்சு விட்டிருப்பீங்களா?" என்று ஈடித் கேட்டுக்கொண்டே போவாள்.

இப்படி இருக்கையில் மூன்று வருஷத்துக்கு முன்னால், லாரிப் படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து கழுத்தில் அடி. டாக்டர் எலும்புகளைச் சேர்த்துத் தகடு வைத்து முடுக்கிவிட்டார். கழுத்து தேறிவிட்டது, வளையத்தான் மறுத்துவிட்டது. சர்ச்சில் ஜெபத்துக்கு எல்லாரும் தலை குனிந்தால், இவர் மட்டும் பாதிரியாரை முறைத்துக்கொண்டு நிற்பார்.

பாதிரியார் பொறுத்துக்கொண்டார். துப்பாக்கி பொறுக்கவில்லை. கன்னத்தைக் கட்டையில் பதித்தால்தான், குறி பார்க்கிற ஸ்கோப்புக்கு நேராகக் கண் வரும். அந்தப் பழைய கட்டையோ தாழ்வு, கன்னம் அதுவரை இறங்குவதாயில்லை. பாதி வட்டம் இருட்டாகத் தெரிய, உத்தேசமாகச் சுட்டார். இரண்டு வருஷம், இரண்டு மான், இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.

அந்தக் கேம்ப்பில், சுட்டுத் தப்பவிட்டவன் சட்டையின் பின்பக்க நுனியைக் கத்தரித்து, பேரெழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். அது விளையாட்டு. விளையாட்டில்லாத சங்கதி வேறு: தொடர்ந்து மூன்று வருஷம் சட்டை போனால் அவன் மானுக்காகக் காத்து உட்காரும் இடமும் போய்விடும், அடுக்களைதான் கதி. இப்போது அடுக்களையில் இருப்பவர் கஸ் பெர்டூச்சி. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெறுத்துப்போனவர். வைனோவின் இடத்தின்மேல்தான் அவருக்குக் கண்.

அந்த இடம், சீடர் மரச் சதுப்பு ஓரத்தில் ஓர் அடிமரம். வருஷம் முழுக்க ஓயாத வைனோவின் வாய் அங்கே உட்கார்ந்தால் மட்டும் தானாக ஓய்ந்துவிடும். விடிகிறதைப் பார்ப்பார், பனி விழுகிறதைக் கேட்பார். மான் வராவிட்டாலும் மனசு நிறைந்துதான் எழுந்திருப்பார். அது போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"என் கம்பளி சாக்ஸ ரெண்டு மடிச்சு, கட்டை மேல வச்சுக் கட்டிக்கிட்டாப் போச்சு. உசரம் வந்துடும்ல?" என்றாள் ஈடித்.

"கால் உடைஞ்சவன் கணக்கா துப்பாக்கிக்குக் கட்டுப் போட்டுட்டுப் போகச் சொல்றியா?"

சொன்னாரே தவிர, அவள் கடைக்குப் போன சமயம் கட்டிப் பார்க்காமலில்லை. தோளில் வைத்ததுமே சாக்ஸ் நழுவித் தொங்கியது. கட்டையிலேயே துளை போட்டு ஒரு பலகையை முடுக்கலாம்தான். துளைக்கும் கருவியை எடுத்து, கட்டையைப் பார்த்து, திருப்பி வைத்துவிட்டார். மனசு வரவில்லை.

கடைசியில், யாருக்கும் தெரியக்கூடாதென்று இரண்டு ஊர் தாண்டி ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரி பாலெட் ஒரு சேஸிஸை அவர் தோளில் வைத்து, கன்னம் வைக்கும் பலகையைத் திருகி மேலே ஏற்றினாள். வைனோ குனியவில்லை. பலகைதான் அவரைத் தேடி ஏறி வந்தது. ஸ்கோப்புக்குள் முழு வட்டம், பளிச்சென்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "குளிரு" என்றார். கடைக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வாங்கினது யாருக்கும் தெரியக்கூடாதும்மா. முக்கியமா எங்க மச்சானுக்கு. வில்ஃபிரட் டிரெவாரோன்னு பேரு."

"அட, அவருக்கு மாட்டிக் குடுத்ததே நான்தானே!" என்றாள் பாலெட்.

வீட்டுக்கு வந்து கராஜைப் பூட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஈடித் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், சமையலறை அலமாரிக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த மர டிசைன் ஒட்டுத்தாளை வெட்டி வெட்டி அலுமினியத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

"கடவுளே! என்ன கூத்துங்க இது?"

"தூரத்துல இருந்து பாத்தா வால்நட் மாதிரி தெரியுதா?"

"தூரத்துல இருந்து பாத்தா, பைத்தியம் பிடிச்ச மாதிரி தெரியுது. வில்ஃபிரட்கிட்ட 'நீ செஞ்சதுதான் சரிடா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப கத்தரிக்கோலை இப்படிக் குடுங்க. மூலையெல்லாம் பல்லைக் காட்டுது. ஒட்டுறதையாவது உருப்படியா ஒட்டுங்க."

வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் கேம்ப்புக்குப் போனார். அங்கே துப்பாக்கிகள் வெளியே குளிர்க் கொட்டகையில்தான் தொங்க வேண்டும். குளிர்ந்த துப்பாக்கியை அடுப்புச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும், மறுபடி வெளியே போனால் அந்த ஈரம் அப்படியே உறைந்துபோகும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடத்தை நடத்துகிறவரே வைனோதான். ஆனால் கொட்டகையில் தொங்கவிட்டால் வில்ஃபிரட்டின் துப்பாக்கிக்குப் பக்கத்திலல்லவா தொங்கும்? உறையோடு உள்ளே கொண்டுவந்து தன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

"ஏண்டா வைனோ, உன் வால்நட் ராணி எங்க?" என்றார் கஸ்.

"லாரியில பூட்டி வச்சிருக்கேன். நீ சூப்பைப் பாரு, அடி பிடிக்குது."

அடுப்பு இரவெல்லாம் எரிந்தது. விடிவதற்குள் வைனோ அடிமரத்துக்குப் போய் உட்கார்ந்து உறையைத் திறந்தார். பசை நெகிழ்ந்து, தாள் அங்கங்கே கொப்புளித்து நின்றது. ஒரு துண்டு கிழிந்து காற்றில் படபடத்தது. அதை அமுக்கினால் இது கிளம்பியது. "சனியனே, ஒட்டு!" என்று பல்லைக் கடித்தார். அடிமரத்தில் உட்கார்ந்து அவர் வாய் திறந்தது அன்றுதான்.

அப்போது வந்தது ஆண்மான். நல்ல கொம்பன். நவம்பரில் அதற்குப் பெண்மானின் தடத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. மூக்கைத் தரையில் வைத்தபடி சதுப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. வைனோ துப்பாக்கியைத் தூக்கி, கன்னத்தை வைத்து, ஸ்கோப்பில் பார்த்தார். வெள்ளை. இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ஈரம் உறைந்து பால் மாதிரி நின்றது. ஊதினார், இன்னும் கெட்டுப்போனது. கண்மூடித்தனமாகச் சுட்டால் மூன்றாவது சட்டை. சுடாமல் விடலாம்தான், ஆனால் கண்ணெதிரே கொம்பன் நிற்கிறது, வயிறு எரிகிறது.

வயிறு என்றதும்தான் கோட்டுக்குள் இருந்த பாஸ்டி நினைவு வந்தது. விடிகாலையில் அடுப்பிலிருந்து எடுத்து, தாளிலும் துணியிலும் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் இன்னும் சூடாகவே இருந்தன. அதை உருவி முன்கண்ணாடியில் ஒரு அழுத்து, பின்கண்ணாடியில் ஒரு அழுத்து, கைக்குட்டையால் ஒரு துடைப்பு. முழு வட்டம். நடுவில் மான். ஒரே வெடி, அது நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

அடிமரம் தப்பித்தது. வைனோ பனியில் உட்கார்ந்து, நசுங்கிய பாஸ்டியைக் கடித்துக்கொண்டே தானாகச் சிரித்தார்.

வெடிச் சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் இழுக்க உதவிக்கு வருவது வழக்கம். வில்ஃபிரட்டும், கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் கஸ்ஸும் வந்தார்கள். தாளைப் பிய்த்தெறியலாம் என்று வைனோவுக்குத் தோன்றுவதற்குள் வந்துவிட்டார்கள். கஸ் பார்த்தது மானை அல்ல, வைனோவின் தாடியை.

"வைனோ, கன்னத்துல என்னடா மரம் முளைச்சிருக்கு?"

தடவிப் பார்த்தார். ஒரு சாண் வால்நட் கையோடு வந்தது. மடியில் துப்பாக்கி பாதி மரமும் பாதி அலுமினியமுமாகப் பல்லை இளித்தது. கஸ் பனியில் விழுந்து சிரித்தார். அடுக்களை இன்னும் தன் தலையில்தான் என்பது உறைத்த பிறகுதான் எழுந்தார்.

வில்ஃபிரட் சிரிக்கவில்லை. துப்பாக்கியை வாங்கி, குண்டை எடுத்துவிட்டு, கன்னப் பலகையைக் கொஞ்சம் திருகினான். "ஒரு நூல் இறங்கியிருக்கு மாமா. இப்ப வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"டேய், ஏதாவது சொல்லித் தொலைடா. இத்தனை வருஷம் உன்னை நார் நாராக் கிழிச்சிருக்கேன். கேம்ப்புக்குப் போனா எல்லாரும் இருப்பாங்க, அதுக்கு முன்னாடி நீ திட்டிடு. நான் வாங்கிக்கிறேன்."

வில்ஃபிரட் யோசித்தான். நிஜமாகவே, மூக்குநுனி சிவக்கிறவரை யோசித்தான்.

"வாய் வரைக்கும் வருது மாமா. ஆனா எதை எடுத்தாலும் அது நீங்க ஏற்கெனவே சொன்னதா இருக்கு. எனக்குன்னு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலியே நீங்க."

"மன்னிச்சுக்கடா" என்றார் வைனோ. சொல்லிவிட்டு மானின் ஒரு கொம்பைப் பிடித்தார். மறு கொம்பை வில்ஃபிரட் பிடித்தான்.