உதயகிரிச் சுவரில் இருந்த குழிகள்

அலுவலகத்தில் என்னைச் சரித்திரக்காரன் என்று கூப்பிடுவார்கள். கேலியாகத்தான். எனக்கோ பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து எல்லாரும் குடும்பத்தோடு வேனில் உதயகிரிக் கோட்டைக்குப் போவது என்று முடிவானதும், விளக்கிச் சொல்லும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். மகன் நாலு பேர் முன்னால் பேசுவதைப் பார்க்கட்டும் என்று அம்மாவையும் அழைத்துப்போனேன்.

உதயகிரியில் கோட்டை மலைமேல் இல்லை. மலைதான் கோட்டைக்குள் இருக்கிறது. தனியாக நிற்கும் மலையைச் சுற்றிப் பெரிய கருங்கல் சுவர். திருவிதாங்கூர் மகாராஜாவிடம் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி, பிறகு அவருடைய படைக்கே தலைவராகி இந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார். உள்ளே பீரங்கி வார்த்தார்கள். தளபதியின் கல்லறையும் அங்கேதான். இதுவரை சொன்னதெல்லாம் சரி. எல்லாரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

சுவரில் ஒரு கல்லின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். அது என்னவென்று ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். துப்பாக்கிக் குண்டு பட்ட தடம் என்று அடித்துவிட்டேன். ஆளாளுக்கு விரலை விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். குண்டு என்ன ஸ்கேல் வைத்தா வரிசையாக வந்து படும்?

அம்மாவும் தடவிப் பார்த்தாள்.

"எய்யா, இது குண்டு இல்ல. ஆப்பு அடிச்ச குழில்லா! பாறையப் பொளக்கதுக்கு இப்படித்தான் வரிசையா எடுப்பாவ. ஒங்கப்பா எடுக்காததா?"

அப்பா குவாரியில் பாறை பிளந்தவர். அதே குவாரியில் ஜல்லி உடைத்துத்தான் அம்மா என்னைப் படிக்கவைத்தாள். அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கட்டட வேலை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன்.

"அம்மா எந்தா பறஞ்ஞது?" என்று மலையாளத்தில் கேட்டாள், பக்கத்தில் நின்ற எங்கள் அலுவலக இளம் பெண் என்ஜினியர்.

"ஓ, அம்மா படிச்சிட்டில்லா. வெறுதே ஓரோந்து பறயுன்னதா," என்றேன். படிக்காதவள், சும்மா ஏதோ சொல்கிறாள் என்று. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா மலையாளம் பேசமாட்டாள். அதனால் அவளை வைத்துக்கொண்டே மலையாளத்தில் எதையும் சொல்லலாம் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பழக்கம். முப்பது வருடமாகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பேரம் பேசிக் காய் வாங்குகிறவளுக்குக் கேட்டால் புரியாதா? என் மண்டையில் அது உறைக்கவில்லை.

திரும்பும்போது அந்தப் பெண் வேனில் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நான் சொன்னதில் சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

"அம்மே, ஆ குழி எங்ஙனே வந்நதா? ஒந்நு பறயாமோ?" என்று ஆசையாகக் கேட்டாள், அந்தக் குழி எப்படி வந்தது என்று.

நான் முன் சீட்டில் இருந்தேன். அம்மா சொல்லிவிடுவாளோ என்று பயம். அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, ஒருத்தி மரியாதையாகக் கேட்கிறாள். நானோ அம்மா வாய் மூடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ஞான் படிச்சிட்டில்லா மோளே," என்றாள் அம்மா. "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

திரும்பி உண்மையைச் சொல்ல நெய்யாற்றின்கரை வரை நேரம் இருந்தது. வீடு வரைக்கும்கூட இருந்தது. நான் சொல்லவில்லை. அம்மா மலையாளம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.